ஏழாம் காம்பராவில் முனியாண்டி

"சார், புரோகிராம் எழுதுறவங்களுக்கு ஒரு நல்ல சேதி!" என்று போன சனிக்கிழமை ஜோசப் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

ஜோசப் என் பழைய மாணவன். வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கூரை ஒழுகாத ஒரே மூலையில் கம்ப்யூட்டரை வைத்து, அதன்மேல் மாதா படத்தையும் வைத்திருக்கிறான்.

சேதி என்ன? புதிதாக ஒரு டூல் வந்திருக்கிறதாம். கம்ப்யூட்டருக்குள்ளே கிடக்கும் தகவலை எடுக்க இனிப் பக்கம் பக்கமாகப் புரோகிராம் எழுத வேண்டாம். நேரே ஒரு வரி கேட்டால் போதும், பதில் வந்து விழுமாம்!

அந்த நேரம் பார்த்துப் புதுமாப்பிள்ளை ராமையா ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். பாவம், கல்யாணமாகி ஒரு மாதம். பெண்டாட்டி செல்லம்மா மேல் லயத்தில், அம்மா வீட்டில். இவன் கீழ் லயத்தில், அண்ணன் வீட்டில். இரண்டு வீட்டிலும் கால் நீட்ட இடமில்லை. நடுவில் ஒரு தேயிலை மலை... இப்படியும் ஒரு தாம்பத்தியம்!

"ஏழாம் காம்பரா சும்மாதானே கெடக்கு? எங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க சார்" என்றான்.

லயம் என்கிற வரிசை வீட்டில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கிடைக்கும் அறைதான் காம்பரா. ஏழாவது காலி என்பது தோட்டத்துக்கே தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் சொன்னால்தான் காம்பரா என்பது தோட்டத்து மேனேஜரான துரையின் புதுச் சட்டம். கம்ப்யூட்டரிடம் தொழிலாளி நேரே கேட்டுவிட முடியுமா? ராமையா கங்காணியிடம் சொன்னான். கங்காணி கணக்கப்பிள்ளையிடம். அவர் பெரிய கிளாக்கரிடம். அவர் ஜோசப்பிடம். அத்தனை பேரும் ஒரே அறைக்குள்தான் நின்றார்கள்! ராமையா கேட்டது ஜோசப் காதில் முதலிலேயே விழுந்துவிட்டது. இருந்தும், பெரிய கிளாக்கர் வாய் திறக்கும்வரை அவன் விரலை அசைக்கவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் பதில் சொன்னது. ஏழாம் காம்பராவில் ஆள் இருக்கிறது. பெயர் — முனியாண்டி.

"யாருப்பா அது?" என்றேன்.

ஜோசப் தலையைச் சொறிந்தான். "பேரு போடாம வுட்டா மெசின் அடுத்த காம்பராவுக்கே போக மாட்டேங்குது சார். பெரிய கிளாக்கர் ஐயாதான், காலிக் காம்பராவுக்குச் சாமிதானே காவலு, அவரு பேரையே போடுன்னாங்க."

லயத்து முனையில் அரிவாளோடு நிற்கிறாரே, அதே முனியாண்டி!

"அழித்துவிடேன்" என்றேன். பெரிய கிளாக்கர் பதறிப் போனார். "குடியிருக்கிறவரு சம்மதிக்காம எப்படிங்க வெளியேத்துறது? அதுவும் அவர!"

வேறு வழி? மேல் லயத்திலிருந்து செல்லம்மாவையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் கோயிலுக்குப் போனோம். ஜோசப் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். சுருட்டு கொளுத்தி வைத்ததும் பூசாரிக்கு அருள் வந்துவிட்டது.

"எனக்கு எதுக்குடா காம்பரா? மழையில நிக்கிறதுதாண்டா என் வேல! புள்ளைங்களுக்குக் குடு!"

செல்லம்மா அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்? நேரே ஒரு வரி கேட்டோம், பதில் வந்து விழுந்தது. இந்த டூலைப் பற்றி எந்தப் பத்திரிகையாவது எழுதியதா?

ஜோசப் ஓடிப்போய்ப் பெயரை எடுக்கப் பார்த்தான். மெசின் விட்டால்தானே! 'இவர் எங்கே குடிபோகிறார்?' என்று கேட்டது. லயத்தில் வேறு காலிக் காம்பரா இல்லை. தோட்டத்திலேயே இடம் மிச்சமிருந்தது துரை பங்களாவில் மட்டும்தான்.

பெரிய கிளாக்கர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "போடு" என்றார்.

அன்று சாயங்காலமே ஏழாம் காம்பராவில் பால் பொங்கியது. ராமையா வாசலிலேயே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டான்.

எங்கள் சனங்கள் ஆபீஸ் பதிவை மதிப்பவர்கள். முனியாண்டி எங்கே குடியிருக்கிறாரோ, அங்கேதானே படையல்? நேற்று வெள்ளிக்கிழமை, பங்களாப் படியில் தேங்காய், சுருட்டு, ஒரு போத்தல் சாராயம்.

துரை கோபத்தில் கத்தினாராம். தேங்காயையும் சுருட்டையும் உடனே கோயிலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

போத்தல் மட்டும்... இன்னும் வந்து சேரவில்லை.