மார்கிறட் அக்கா மேயவிட்ட மாடு

முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, பரந்தனில் மகள் டிலுசாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்த மார்கிறட் அக்காவுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இராது. கரையில் இருந்த காலமெல்லாம் கிழிந்த வலை பொத்தியவர் அவர். பரந்தனில் பொத்த வலையில்லை. ஆகவே, பழைய நெற்களஞ்சியமொன்றில் நாங்கள் சேர்ந்து நடத்தும் ஓவியக்கூடத்துக்கு வரத் தொடங்கினார். தூரிகை பிடித்த அன்றே தம் கொள்கையை அறிவித்தார்: "படத்தில வெறும் இடம் கிடந்தா அதுவும் ஓட்டைதான் தம்பி. மீன் போயிடும்."

எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. சுவரைப் பார்த்து வைத்த படம் வரைந்தவருக்கு மட்டும் உரியது. கூடத்தைப் பார்த்து வைத்த படத்தில் எவரும் கை வைக்கலாம். இவ்விதியை முன்மொழிந்தவன் நான். கூட்டக் குறிப்பின் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தவனும் நான். அதை எனக்கு எதிராகவே வாசித்துக் காட்டினார்கள்.

நடந்தது இதுதான். ஓவியச் சான்றிதழ் இல்லாதவன் என்று கண்காட்சிகள் என்னைத் திருப்பி அனுப்பிய கடிதங்கள் என்னிடம் உள்ளன. அவ்வாறிருக்க, வயல் செய்யும் கமக்காரரின் அமைப்புக்குத் தலைவரான செல்வநாயகம் ஐயா நேரில் வந்து, தங்கள் மண்டபச் சுவரில் கொழுவ, விளைந்த வயலொன்றின் படம் கேட்டார். என் படம் ஒரு சுவரில் ஏறுவதற்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. கதிர் கதிராக வரைந்தேன். ஐயா பார்க்க வருவதற்கு முந்தைய மாலை, வர்ணம் காயட்டும் என்று படத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்தேன். எங்கள் கட்டடத்தில் காற்றுப் பக்கமும் கூடத்தின் பக்கமும் ஒன்றே.

காலையில், வெயில் விழும் இடமென்று நான் வெறும் மஞ்சளாக விட்டிருந்த நடுவயலில் ஒரு சிவப்பு மாடு நின்றது. நின்றதோடு தின்றுகொண்டும் இருந்தது.

"என்னக்கா இது?"

"பசு, தம்பி. வயல் தனிச்சுப்போய்க் கிடந்தது."

செல்வநாயகம் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆரின்ர மாடு? பயிருக்க பூந்து மேயுற கட்டாக்காலி மாட்டோட நாங்கள் படுற பாடு காணாதெண்டு மண்டபத்திலயும் ஒண்டைக் கொழுவுறதோ? வெள்ளிக்கிழமை கூட்டம். அதுக்கிடையில கலைச்சுவிடுங்கோ."

சுரண்டினால் என் கதிர்களும் போய்விடும். அக்கா பொறுப்பேற்றார். மதியத்துக்குள் வயலைச் சுற்றி வலையால் ஒரு வேலி எழுந்தது. முடிச்சுக்கு முடிச்சு பிழையில்லை. மாடு மட்டும் உள்ளே நின்றது.

களிமண் உருவம் செய்யும் அனோஜன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, மாட்டைப் பிடிச்சுப்போட்டியள்!"

"பிடிக்கத்தானேடா வலை?" என்றார் அக்கா, மெய்யாகவே விளங்காமல்.

வழி சொன்னவர் ஸ்கந்தபுரத்தில் வயல் செய்துகொண்டு எங்களோடு வரையும் சிவனேஸ்வரி. "வெட்டின வயலுக்க மாடு நிண்டா ஆர் கேக்கப்போகினம்? அறுத்துவிடுங்கோவன்."

அது உண்மை. அறுவடை முடிந்த வயலில் எந்த மாடும் மேயலாம். எங்கள் ஊர்களில் அதற்கு வழக்குமில்லை, வாக்குவாதமுமில்லை. ஆனால் அறுக்கவேண்டியவை என் கதிர்கள். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழன் பிற்பகல் நானே அதைக் கூடத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

எவரும் விளக்கம் கேட்கவில்லை. தூரிகைகளோடு வந்தார்கள். ஒருவர் கதிரை மறைக்க, ஒருவர் அறுத்தபின் மிஞ்சும் அடித்தாளை வரைய, சிவனேஸ்வரி வரம்பில் கதிர்க்கட்டுகளைச் சூடாக அடுக்கினார். தேத்தண்ணியும் வந்தது. என் கதிர்கள் இன்னும் நின்ற இடது மூலையை நெருங்கிய அனோஜனின் கையை மார்கிறட் அக்கா தட்டிவிட்டார்.

"அதில தொடாத. அது தம்பியின்ர."

எந்த இடத்தையும் சும்மா விடாதவர், அன்று வேலை முடியும்வரை அந்த மூலைக்குக் காவல் நின்றார்.

வெள்ளிக்கிழமை ஐயா நெடுநேரம் பார்த்தார். "ஓம், வடிவாய்த்தான் இருக்கு. ஆனா அந்த மூலையில இன்னும் கதிர் நிக்குது. மாடு அங்க போகாதோ?"

அக்கா தூரிகையை எடுத்து, மாட்டின் கழுத்திலிருந்து வேலிவரை ஒரு கயிறு இழுத்து, தோணி கட்டும் முடிச்சொன்றைப் போட்டார். இழுத்துப் பார்ப்பவர்போல ஐயா விரலை நீட்டினார், வர்ணம் ஒட்டிக்கொண்டது.

"இறுக்கமாய்த்தான் கிடக்குது," என்றவர், கயிறு காயும்வரை கதிரையொன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு படத்தைத் தாமே தூக்கிச் சென்றார்.