ஒரு டிக்கெட் மிச்சம்

அன்று வண்டியில் இருந்தவர்கள்:

முருகேசன். பேட்டையில் லேத் பட்டறையில் வேலை.

பேச்சியம்மாள். அவர் மனைவி. வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவர்.

இசக்கியம்மாள். மூத்த மகள். பன்னிரண்டாவது பரீட்சை எழுதி முடித்தவள்.

சுடலை. மகன். எட்டாவது. அப்பாவின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டான்.

முத்து. கடைசிப் பையன். அங்கன்வாடி.

ஐயப்பன். பேச்சியம்மாளின் தம்பி. பெயின்டர். கல்யாணம் ஆகவில்லை.

நான். டிரைவர்.

எங்கள் டிரைவர் சங்கத்தில் ஆண்டு விழா மலர் போடுகிறார்கள். புதிதாக வண்டி எடுக்கும் பையன்களுக்கு உதவும்படி எழுதுங்கள் என்றார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுதுவதைவிட ஓட்டுவது எனக்குச் சுலபம். தச்சநல்லூர் ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். இந்தத் தொழில் எனக்கு வீடு கட்டித் தந்தது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அந்த நன்றிக்கு எழுதுகிறேன்.

வெளியே இருக்கிற ஆள்

கோயில் டிரிப் வேறு, பார்க் டிரிப் வேறு. கோயில் டிரிப்பில் எல்லாரும் உள்ளே போவார்கள். பார்க் டிரிப்பில் ஒருவர் வாசலில் கழன்றுகொள்வார்.

"எனக்குத் தலை சுத்தும். நீங்க போய்ட்டு வாங்க" என்பார். வீட்டுக்காரரும் உடனே, "சரி, ஒரு டிக்கெட் மிச்சம்" என்பார்.

அப்படிக் கழன்றுகொள்வது பெரும்பாலும் அம்மாதான். சாயங்காலம் வரை என்னோடு பார்க்கிங்கில் இருப்பார். செருப்புக்கும் சாப்பாட்டுத் தூக்குக்கும் காவல். நடுவில் நான் கேட்பேன், "வெயில் அடிக்காம்மா?" என்று.

"இல்ல அண்ணாச்சி, நெழலாத்தான் இருக்கு."

எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நானும் குடும்பத்தோடு அப்படி ஒரு பார்க்குக்குப் போனேன். பிள்ளைகளும் நானும் உள்ளே போனோம். என் வீட்டம்மா வெளியே இருந்தாள். ஒரு டிக்கெட் மிச்சம் என்று நானும் சொன்னேன். திரும்பி வந்து கேட்டபோது, நெழலாத்தான் இருந்துச்சு என்றாள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

போனில் சொன்னது

முருகேசன் வீட்டு டிரிப்புக்குப் போனில் பேசியது ஐயப்பன். மதுரைப் பக்கம் ஒரு பார்க். பெயர் வேண்டாம்.

"அண்ணாச்சி, அக்காவுக்குப் பீடிக் கம்பெனி போனஸ் வந்திருக்கு. அதுலதான் போறோம். துட்டு கொறச்சல். செலவக் கொறைக்க வழி சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், செவ்வாய்க்கிழமை போங்கள், டிக்கெட் குறைவு. பன்னிரண்டாவது பிள்ளை இருந்தால் ஹால் டிக்கெட் கொண்டு வாருங்கள், அதற்குத் தள்ளுபடி உண்டு. சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், வாசலில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள். போனையும் பையையும் வண்டியில் வைத்தால் லாக்கர் வாடகை இல்லை. மூன்றடிக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டிக்கெட்டே இல்லை.

கடைசியாகச் சொன்னேன்: "காஸ்ட்யூம் மறந்துராதிய. நைலான்ல இருக்கணும். பருத்தித் துணியோட தண்ணிக்குள்ள விடமாட்டான். அங்கன வாடகைக்கு எடுத்தா ஆளுக்கு நூத்தம்பது."

"காஸ்ட்யூம்தானே? அது நம்மகிட்ட ஒரு பெட்டி நெறைய கெடக்கு!"

ஒரு பெட்டி நிறைய என்றதும், அடிக்கடி பார்க் போகிற ஆட்கள் போல என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேன். என்ன காஸ்ட்யூம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

பெட்டி

விடியற்காலை பேட்டையில் ஏற்றினேன். ஐயப்பன் ஒரு தகரப்பெட்டியைக் கேரியரில் வைத்துக் கயிறு கட்டினார். சாப்பாட்டு வாளியை ஏற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் அதைக் கவனிக்கவில்லை.

கங்கைகொண்டான் தாண்டியதும் பேச்சியம்மாள் முன்னால் குனிந்து என்னிடம் சொன்னார். "அண்ணாச்சி, நான் உள்ள போவல. உங்க வண்டியிலதான் இருப்பேன். எனக்குத் தண்ணின்னாலே ஆவாது."

ஐயப்பன் சிரித்தார். "யாருக்கு, ஒனக்கா ஆவாது? அண்ணாச்சி, குறுக்குத்துறை ஆத்துல கல்மண்டபத்து மேல ஏறித் தலைகீழாக் குதிப்பா இவ. எனக்கு நீச்சல் பழக்குனதே இவதான். எத்தன தடவ முக்கி எடுத்திருக்கா தெரியுமா?"

"சும்மா கெடலே" என்றார் பேச்சியம்மாள்.

முருகேசன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் கணக்கு எனக்குத் தெரியும். முத்து போக நாலு டிக்கெட். ஐந்தாவதுக்குப் பணம் இல்லை. போனஸ் வாங்கியவருக்கு டிக்கெட் இல்லை. அந்த வண்டியில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அவர்தான். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. ஆனால் டிரைவர் பேசும் இடமில்லை. ஓட்டினேன்.

பார்க்கிங்கில் புளியோதரையைச் சாப்பிட்டு முடித்தோம். ஐயப்பன் பெட்டியை இறக்கித் திறந்தார்.

மேலே ஒரு கிரீடம் இருந்தது. அதன் கீழே சிவப்புப் பட்டுச் சேலை. அட்டையில் செய்த எட்டுக் கை. ஒரு ஓரத்தில் ரோமம் வைத்துத் தைத்த குரங்கு உடுப்பு, வாலோடு.

எல்லாம் குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்குப் போடுகிற வேசம். முருகேசன் வருஷா வருஷம் விரதம் இருந்து காளி வேசம் கட்டுகிறவர். ஐயப்பன் குரங்கு. பேட்டையில் தசரா செட்டு என்று குழுவாக வேசம் கட்டுகிறவர்கள் வேசத் துணியைக் காஸ்ட்யூம் என்றுதான் சொல்வார்கள். வாடகைக் கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

பேச்சியம்மாள் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "ஏலே கூறுகெட்டவனே! அம்மன் உடுப்ப எதுக்குலே இங்கன கொண்டாந்த?"

"அண்ணாச்சிதானக்கா சொன்னாவ, காஸ்ட்யூம் எடுத்துட்டு வாங்கன்னு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "குளிக்கிற உடுப்பச் சொன்னேன்" என்றேன்.

"அதக் குளிக்கிற உடுப்புன்னுல்லா சொல்லணும்? காஸ்ட்யூம்னா நாங்க என்னத்த நெனைக்க?" என்றார் ஐயப்பன்.

முருகேசன் கோபப்படவில்லை. கிரீடத்தை எடுத்து வைத்து, சேலையை மூடி, பெட்டியைக் கொண்டு வந்து என் முன் சீட்டில் வைத்தார். கும்பிட்டார். "வெயில் படாமப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. இது தரையில இருக்கக் கூடாது" என்றார்.

பிறகு பணத்தை எண்ணினார். இனி உடுப்பு வாடகையும் சேர்ந்தது. நாலு பேருக்கே இழுத்துப் பிடித்துத்தான் வந்தது.

உயரம்

வாசலில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். முத்துவை அங்கே நிறுத்தினார்கள். அவன் பெரிய ஆள் ஆகிவிட்டால் பெரிய சறுக்கில் விடுவார்கள் என்று நினைத்துக் குதிகாலைத் தூக்கி எக்கி நின்றான்.

"லே முத்து, பைய நில்லுலே! ஒழுங்கா நில்லு!" என்றார் பேச்சியம்மாள்.

செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே அவன் தோளை அமுக்கினார். கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. டிக்கெட் இல்லை. தான் குட்டை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று முத்து ஓங்கி அழுதான்.

முருகேசன் கவுன்டர் வரிசைக்குப் போனார். முத்துவின் அழுகை நிற்கவில்லை. ஐயப்பன் வண்டிக்கு ஓடி வந்தார். குரங்கு உடுப்பை எடுத்தார்.

"காப்புக் கட்டாமப் போடலாமாலே?" என்றார் பின்னாலேயே வந்த பேச்சியம்மாள்.

"அம்மன் உடுப்பத்தான் தொடப்பிடாது. இது என் துட்டுல தச்சது. கொரங்குக்கு என்ன விரதம்?"

போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஒரு குதி குதித்தார். முத்துவின் தலையில் பேன் பார்த்தார். முத்து அழுகையை நிறுத்தினான். அந்த நேரம் இரண்டு பஸ்ஸில் வந்த பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லாரும் குரங்கைச் சுற்றிக்கொண்டார்கள். வரிசை கலைந்தது. செக்யூரிட்டி விசில் ஊதினார். ஐயப்பன் அதற்கும் சேர்த்து ஆடினார்.

மேனேஜர் வந்தார். மடித்துவிட்ட சட்டைக் கை. கழுத்தில் அட்டை. வண்டியை வெளியே எடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் கிட்டப் போனேன்.

"யாருங்க இவரு?"

"நம்ம வண்டியில வந்தவர் சார். தெரியாமப் பண்ணிட்டார்."

"அண்ணே, எங்க யானை இன்னைக்கு வரலை" என்றார் அவர் ஐயப்பனிடம். "யானை பொம்மை போட்டு வாசல்ல நிக்கிற பையன். காய்ச்சல்னு போன் பண்ணிட்டான். நீங்க ஒரு மணி வரைக்கும் இப்படியே நிப்பீங்களா? உங்களுக்கு டிக்கெட் வேணாம். அப்புறம் தண்ணியில இறங்கிக்கங்க, டிரஸ் நாங்க தர்றோம்."

ஐயப்பன் முகமூடியைத் தூக்கினார். வேர்த்து ஒழுகியது. "சார், தசராவுக்குப் பத்து நாளும் தெருத் தெருவா ஆடுதவன் நான். ஒரு மணி வரைக்கும் என்ன, சாயங்காலம் வரைக்கும் ஆடுதேன்."

வாலைக் கையில் பிடித்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடினார். "அத்தான், நாலு டிக்கெட்டு நாலாவே இருக்கட்டும். எனக்குப் பதிலா அக்காவுக்கு!"

மிச்சம்

இங்கேதான் நின்றது விஷயம். பேச்சியம்மாள் அசையவில்லை.

"எனக்கு வேண்டாம். மூணே எடுங்க. ஒரு டிக்கெட் மிச்சந்தானே, நல்லதாப் போச்சு. இசக்கி காலேஜுக்குப் போகையில ஆவும்."

"எம்மா, போனஸ் யாருது?" என்றாள் இசக்கியம்மாள்.

"யாருதா இருந்தா என்ன? அண்ணாச்சி தனியா இருப்பாவ. பெட்டி வேற இருக்கு."

எல்லாரும் மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் நான் கஸ்டமரிடம் பொய் சொன்னதில்லை. கிலோமீட்டரில்கூட இல்லை. அன்று சொன்னேன்.

"இங்கன இப்ப ரூல் மாத்திட்டாம்மா. டிரைவரத் தவிர ஒரு ஆளும் பார்க்கிங்ல இருக்கப்பிடாது. இருந்தா ஃபைன் போடுதான்."

"எவ்வளவு?"

யோசிக்க நேரமில்லை. "ஆயிரம்" என்றேன்.

டிக்கெட்டைவிட ஃபைன் அதிகம். பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்ததா, இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. கம்மலைக் கழற்றி ஒரு தாளில் மடித்து என்னிடம் தந்தார்.

"தொலைச்சிராதிய அண்ணாச்சி."

முருகேசன் நாலு டிக்கெட் எடுத்தார். அன்று பார்க்கிங்கில் நானும் அந்தப் பெட்டியும் மட்டும். வெயில் திரும்பத் திரும்ப வண்டியை மூன்று தடவை மாற்றிப் போட்டேன். நாள் முழுக்க நிற்கிற நிழல் அங்கே எங்கேயும் இல்லை. பேசிக்கொண்டிருக்க ஆள் இல்லாததால் அன்றுதான் அதைக் கவனித்தேன்.

சாயங்காலம் வந்தார்கள். ஐயப்பனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முத்து அவர் தோளில் தூங்கினான். பேச்சியம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"ஆழமே இல்ல அண்ணாச்சி. நெஞ்சளவுதான். அதுக்குப் போய் ஆளாளுக்குக் கத்துதாவ." கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா அந்த அலை வருதுல்லா, அதுல மல்லாக்கப் படுத்துக் கெடந்தேன்" என்றார். முருகேசன் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மேனேஜர் பெயரை நான் கேட்கவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும். காய்ச்சல் வந்த அந்த யானைப் பையனும் நன்றாக இருக்கட்டும்.

புதுப் பையன்களுக்குச் சொல்வது இதுதான். பார்க் டிரிப்பில் கிழமையில் மிச்சம் பிடிக்கலாம். சாப்பாட்டில், லாக்கரில், உடுப்பில் பிடிக்கலாம். உடுப்பை மட்டும் குளிக்கிற உடுப்பு என்று விளங்கச் சொல்லுங்கள். ஆளில் மிச்சம் பிடிக்க விடாதீர்கள். அந்த டிரிப்புக்குப் பிறகு நான் போனில் இரண்டு கேள்வி கேட்கிறேன். எத்தனை பேர் வாறிய? எத்தனை பேர் உள்ள போறிய? இரண்டையும் டிரிப் ஷீட்டில் எழுதுகிறேன். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் வாடகையில் கொஞ்சம் குறைக்கிறேன். அதற்காக நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு நான் கேட்டேன். "அன்னைக்கு நீ வெளிய இருந்தியே, நெழலாவா இருந்துச்சு?"

"நெழலா? நல்ல உச்சி வெயிலு" என்றாள். "நீங்க கேட்டிய, நான் சொன்னேன்."

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டம்மாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். டிரிப் ஷீட் இன்னும் இருக்கிறது.

வந்தவர்கள்: இரண்டு.

உள்ளே போனவர்கள்: இரண்டு.