சிவப்புக் காய்

கல்யாணக் கூடத்தின் பின்கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார் நஃபீசா. மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. பிரியாணி மணம் மட்டும் வந்துவிட்டது. கதவு அசையவில்லை. வெளியே யாரோ நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டுச்சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுற்றுவழியாகப் போய் எல்லா நாற்காலிகளையும் அப்புறப்படுத்திவிட்டுத்தான் பந்திக்கு வந்தார். "நெருப்பு பிடிச்சா, மாப்பிள்ளை வீடு பொண்ணு வீடுன்னு பாக்குமா?" என்று என்னிடம் கேட்டார். நான் அதற்குள் பாதித் தட்டைக் காலி செய்திருந்தேன்.

நகரப் போக்குவரத்தில் ஒரு வட்டாரத்து ரயில் நிலையங்களுக்கும் பேருந்து முனையங்களுக்கும் நஃபீசாதான் பாதுகாப்பு மேலாளர். மின்படிக்கட்டில் மாட்டிக்கொண்ட குழந்தைச் செருப்பு முதல் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி வரை எல்லாம் அவர் தலையில்தான் விடியும். பத்திரிகையில் நிறுவனத்தின் பெயரைப் போடக்கூடாது என்றார். "என் பேரை நல்லா பெருசா போடுங்க, பயமில்ல." வீடு குவீன்ஸ்டவுனில். வாசலில் கிடக்கும் செருப்பெல்லாம் வெளியே ஓடுவதற்குத் தோதாகப் படிக்கட்டைப் பார்த்தே இருக்கும். "வர்ற விருந்தாளிங்க, கெளம்பச் சொல்றாங்கன்னு நெனைக்கிறாங்க" என்று நொந்துகொள்கிறார் கணவர் நாகூர் கனி. அவருக்கு இன்னொரு குறையும் உண்டு. அவருடைய கேரம் காய்களை மனைவி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். "சிவப்பு இல்லாம என்ன ஆட்டம் ஆடுறது, சொல்லுங்க?"

அந்தச் சிவப்புக் காய்க்கு ஒரு கதை இருக்கிறது.

தமிழர்கள் கூடும் கடைவீதியான தேக்காவை ஒட்டிய நிலையம் ஒன்றில், நுழைவாயில் அருகே பை சோதிக்கும் மேசை போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் அங்கே அலையலையாக இறங்குவார்கள். எல்லாரையும் சோதிக்க முடியாது. சிலரை நிறுத்துவதுதான் வழக்கம். அந்தச் சிலர் யார் என்பது ஊழியரின் கண்ணைப் பொறுத்தது. ஒரு ஞாயிறு நஃபீசா தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். சிமெண்டுத் தூசி படிந்த முதுகுப்பையோடு ஓர் இளைஞன் வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனாகவே பையை முன்னால் இழுத்து ஜிப்பைத் திறந்தபடி மேசைக்கு நடந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே செய்தான். பக்கத்தில் பளபளப்பான தோல்பைகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

"எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு" என்றார் நஃபீசா. "யாரும் கேக்காமலே தொறக்குறான். அவ்ளோ பழக்கிட்டோம்."

மறுநாள் கேரம் பை மேசைக்கு வந்தது. சுருக்குக் கயிறு போட்ட துணிப்பை. உள்ளே கறுப்புக் காய்கள், சிவப்பு ஒன்றே ஒன்று. பையோடு யார் மேசைக்கு முன்னால் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வந்தாலும் ஊழியர் உள்ளே கைவிட்டு ஒரு காய் எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வழி. சிவப்பு வந்தால் மேசை. எடுத்த காயைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். சட்டம் இவ்வளவுதான். "ஆளைப் பாத்து எடுக்காதீங்க, காயைப் பாத்து எடுங்க" என்பது ஊழியர்களுக்கு அவர் தினமும் ஓதும் பாடம்.

இப்போது பிள்ளைகள் ஜிப்பை மூடியே வருகிறார்கள். "அக்கா, இன்னிக்கு சிவப்பு யாருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டுகிறார்கள். மேசைக்குப் போனவன்கூட முகம் சுருங்காமல் பையைத் திறக்கிறான். இதைச் சொல்லும்போது நஃபீசாவுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

வம்பு ஒரு கைப்பையில் வந்தது. பேர்பெற்ற வழக்கறிஞர் அம்மா ஒருவருக்குச் சிவப்பு விழுந்துவிட்டது. கொதித்துப்போய் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். இயக்குநர் ஸ்ரீராம் நஃபீசாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"காமன் சென்ஸ் யூஸ் பண்ணுங்க நஃபீசா. அவங்களப் பாத்தா சந்தேகப்படுற மாதிரியா இருக்கு?"

"கெட்டது செய்ய வர்றவன், நாம யாரை நிறுத்துறோம்னு பாத்துட்டுத்தான் சார் வருவான். அழுக்குப் பையை நிறுத்துனா அவன் கோட்டு சூட்டு போட்டுட்டு வருவான்."

"கேரம் ஆடுற எடமா அது? பழையபடி செய்யுங்க. ஞாயித்துக்கெழம நானே வந்து பாப்பேன். அந்தப் பை மேசையில இருந்துச்சுன்னா, அடுத்த மாசத்துலேந்து நீங்க டிப்போவுக்கு."

புக்கிட் பாஞ்சாங் பக்கம் இருக்கிறது அந்த டிப்போ. பேருந்துகள் தூங்கும் இடம். பயணி ஒருவர்கூட வரமாட்டார். நஃபீசா போய்விட்டால் மேசைக்கு வருகிறவர் பழைய கண்ணோடுதான் வருவார், ஜிப்புகள் மறுபடி திறக்கும். அதுதான் அவருக்கு உறுத்தல். "எனக்கு பஸ் புடிக்கும், டிப்போ ஓகே. இந்தப் புள்ளைங்கள விட்டுட்டுப் போறதுதான் ஓகே இல்ல" என்றார். பையை எடுத்துவிடலாமே என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் என் பேனா மூடிக்கொண்டது.

அந்த ஞாயிறு மாலை நானும் போயிருந்தேன். பை மேசையில் இருந்தது. தெரியாமல் போய்விடப்போகிறது என்று நடுவில் வேறு வைத்திருந்தார். காய் எடுக்கும் வேலை லீலாவுக்கு. நஃபீசாவோடு பல வருடம் வேலை செய்தவர், அவருக்காக யாரோடும் சண்டைக்குப் போகக்கூடியவர்.

ஸ்ரீராம் தோளில் மடிக்கணினிப் பையோடு வந்து மஞ்சள் கோட்டில் நின்றார். துணிப்பையைப் பார்த்தார், நஃபீசாவைப் பார்த்தார். "அப்போ முடிவு பண்ணிட்டீங்க."

"ஆமா சார்."

லீலாவின் கை பைக்குள் போனது. கண்ணும் கூடவே போனதை நான் பார்த்தேன். வெளியே வந்த கையில் சிவப்புக் காய். "சார், பையை மேசையில வைங்க" என்றார் லீலா. குரலில் திருப்தி வழிந்தது.

ஸ்ரீராமின் முகம் இறுகியது. அவர் வாயைத் திறப்பதற்குள் நஃபீசா முந்திக்கொண்டார்.

"லீலா, உள்ள பாத்து எடுத்தீங்க."

"மேடம், நான்..."

"பாத்தீங்க. சாரா இருந்தாலும் ஆளைப் பாத்து எடுக்கக்கூடாது. குடுங்க."

லீலா தலையைக் குனிந்துகொண்டு காயைக் கொடுத்தார். நஃபீசா அதைப் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிப் பிடித்து, காய்கள் கடகடவென்று சத்தம் போடக் குலுக்கினார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. முதுகுப்பையும் கைப்பையும் தள்ளுவண்டியுமாக எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நஃபீசா பையை இயக்குநரிடமே நீட்டினார்.

"நீங்களே எடுங்க சார். யாரும் பாக்கல."

அவர் தயங்கினார். ஊர் பார்க்கிறது, வேறு வழி இல்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டார், எடுத்தார், விரலைக் கொஞ்சமாக விரித்து உள்ளே பார்த்தார். உடனே மூடிக்கொண்டார்.

வரிசையில் முதலாவதாக நின்ற இளைஞன் கழுத்தை நீட்டினான். "என்னக்கா, கறுப்பா?"

ஸ்ரீராம் கையைத் திறக்கவில்லை. நஃபீசா இடது கையால் மேசையில் ஒரு மடிக்கணினிப் பை வைக்கும் அளவுக்கு இடம் ஒதுக்கினார். வலது உள்ளங்கையை விரித்து, காய்க்காக அவர்முன் நீட்டியபடி நின்றார்.