சிரிக்க வேண்டிய இடம்

ஜிங் கைமின் பன்னிரண்டாம் வகுப்பை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். அவனோடு முதல் தடவை படித்தவர்களில் ஒருத்தன் லான்ஜோ நகரத்தில் பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. ஒருத்திக்குக் குழந்தையே பிறந்துவிட்டது. கைமினுக்கு மட்டும் அதே நான்காம் மாடி, அதே சாக்பீஸ் தூள், கடைசிக்கு முந்தைய வரிசையில் அதே ஆடுகிற மேசை. வகுப்பில் எல்லோரும் அவனை "அண்ணே" என்றார்கள். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். எந்தப் பாதி எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டுவான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவனிடம் யாரும் நக்கல் காட்ட முடியாது. ஆங்கிலப் பத்தி. கல்லூரியில் சேர எழுதும் பெருந்தேர்வின் ஆங்கிலத் தாளில் நான்கு பத்திகள் வரும். ஒவ்வொன்றின் கீழும் சில கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள், சரியானதைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். வகுப்பே அதைப் பார்த்து நடுங்கும். கைமின் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான். அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவைத்திருந்தான் டெங் பின். கைமினுக்குப் பக்கத்து இடம், வயதில் மூன்று வருஷம் சின்னவன், பள்ளியின் பாதித் தொந்தரவுகளுக்குக் காரணம். பெருந்தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் பலகை கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கும். ஒரு தடவை அதில் இவன் இருபது நாளைக் கூட்டி எழுதிவைத்தான். முதல் பாடவேளை முழுக்க வகுப்பே நிம்மதியாக மூச்சுவிட்டது. பிறகு கண்டுபிடித்து, அவனைத் தாழ்வாரத்தில் நிற்கவைத்தார்கள்.

டெங் பின் ஏதாவது பழைய தாளை எடுத்து முதல் வரியைப் படிப்பான். "அண்ணே, கேட்டுக்கோ. ஒரு பொண்ணு மலையில தொலைஞ்சு போறா..."

"சி, ஏ, டி, பி."

"மனுஷனே இல்ல, இது மெஷின்" என்பான் முன்வரிசைக்காரன். ஆங்கில ஆசிரியை ஃபூ டீச்சரே விடைத்தாள் காணாமல் போனால் இவனைத்தான் கேட்பார். "கைமின், போன வருஷ ஷான்சி மாகாண மாதிரித் தேர்வு, மூணாவது பத்தி?" இவன் எழுந்து சொல்வான். டீச்சர் அப்படியே குறித்துக்கொள்வார்.

இந்த வித்தை எப்படி வந்தது என்றால், முதல் தடவை அவனைக் கவிழ்த்தது ஆங்கிலம்தான். "நிறையப் பயிற்சி போடு, போடப் போட வரும்" என்றார் ஃபூ டீச்சர். போட்டான். கடையில் விற்ற பயிற்சிப் புத்தகம் எல்லாம் போட்டான், மற்ற மாகாணங்களின் தாள்களை ஜெராக்ஸ் எடுத்துப் போட்டான், முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி போட்டான். ஆரம்பத்தில் அந்தப் பத்திகளுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். ஒரு நாய் செத்தபோது கைமினுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மூன்றாவது சுற்றில் நாய் இல்லை, சி மட்டும் இருந்தது. சோறு வேகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, பானை எத்தனை என்றுதான் எண்ணினார்கள். அவனும் எண்ணினான்.

இந்தத் தடவைதான் கடைசி. அப்பா போனில் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. "இந்தத் தடவையோட சரிப்பா. முதுகு நிமிர மாட்டேங்குது" என்றார். அம்மா உருளைக்கிழங்கு வயலை அவரிடம் விட்டுவிட்டு, பள்ளிக்குப் பின்சந்தில் ஓர் அறை எடுத்து மகனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சந்து முழுக்க அப்படிப்பட்ட அம்மாக்கள்தான். காலையில் ஒரே நேரத்தில் எல்லா அடுப்பிலும் முட்டை வேகும். இந்த வருஷமும் போனால் அறையைக் காலி செய்துவிட்டு, கைமின் ஊருக்குத் திரும்பி அப்பாவின் மண்வெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை.

மார்ச் மாதத்தில் ஃபூ டீச்சர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து எடுத்துத் தானே தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்தார். எந்தப் புத்தகத்திலும் வராதது. கைமின் முதல் வரியைப் பார்த்தான், எந்த விடையும் மனதில் எழவில்லை. இரண்டாம் வரியைப் பார்த்தான். எல்லாம் தெரிந்த சொற்கள். ஆனால் பேருந்து நிலையத்தில் நிற்கிற ஆட்கள் மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நின்றன. அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். கண் வரியின்மேல் ஓடி முடிந்தது, உள்ளே ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் டெங் பின்கூட ஏதோ படித்து மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

கைமினின் விடைகள் ஏறக்குறைய எல்லாமே தப்பு.

"ராத்திரி தூங்கலையா?" என்றார் டீச்சர்.

"வயிறு சரியில்ல டீச்சர்."

அவர் நம்பினார். நம்புவது அவருக்கும் வசதியாக இருந்தது. கைமினும் நம்பப் பார்த்தான்.

ஏப்ரலில் டெங் பின் தன் வாழ்நாளின் பெரிய குறும்பைச் செய்தான். வயதான மீனவர், அவருடைய நாய், புயல் என்று வரும் பழைய பத்தி ஒன்று உண்டு, கைமினுக்கு மனப்பாடம். அதன் முதல் இரண்டு வரியை அப்படியே வைத்துவிட்டு, மற்றதைத் தானே ஆங்கிலத்தில் எழுதி, கேள்விகளைக் கீழே ஒட்டி, வகுப்புக்கே ஜெராக்ஸ் போட்டான். அவன் ஆங்கிலம் ஒரு மாதிரிதான். ஆனாலும் யாருக்கும் புரியும். மூன்றாம் வரியில் நாய் கிழவரிடம், இன்றைக்கு நீ குரை, நான் மீன் பிடிக்கிறேன் என்றது. அதற்கடுத்த வரியில், ஜிங் கைமின் என்ற பையன் இதைப் படித்தால் எழுந்து நின்று தலையைச் சொறிய வேண்டும், சொறிந்தால் டெங் பின்னின் மேசைக்குள் இருக்கும் கறி பன் அவனுக்கு என்று இருந்தது. பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தான்.

காலைப் படிப்பு நேரம். டீச்சர் இன்னும் வரவில்லை. தாளை எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு, கைமினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இது ஒண்ணு மட்டும் முடிச்சுக் குடு, எனக்கு வராது" என்றான் டெங் பின்.

கைமின் தாளை வாங்கினான். கண் மேலிருந்து கீழே போயிற்று. போயிற்று என்பதை எல்லோரும் பார்த்தார்கள். பெயர் இருந்த வரியைத் தாண்டியும் போயிற்று. "பி, பி, டி, ஏ" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தான்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "நடிக்கிறார்டா." "அண்ணே, பன்னு வேணாமா?" "தலையச் சொறிங்கண்ணே." முதலில் சிரிப்பை நிறுத்தியவன் டெங் பின். அவன் நிறுத்தியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வரிசை வரைக்கும் அமைதி பரவியது.

"என்ன ஆச்சு?" என்றான் கைமின்.

டெங் பின் விரலை அந்த வரியின்மேல் வைத்தான். கைமின் பார்த்தான். அவனுடைய சொந்தப் பெயர், அவ்வளவு பெரிதாக. அதை அவன் பார்க்கவே இல்லை.

"பன்னை நீயே தின்னு" என்றான் கைமின். பன்னை யாரும் தின்னவில்லை. மதியத்துக்குள் அதன் எண்ணெய் உறைந்து வெள்ளையாகிவிட்டது.

மறுநாள் காலை கைமினின் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி, டெங் பின்னின் கோணல் எழுத்து. கேள்வியும் இல்லை, ஏ பி சி டியும் இல்லை.

"இது என்னடா?"

"படி. சிரிப்பு வந்தா புரிஞ்சுதுன்னு அர்த்தம். வரலைன்னா புரியலைன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"பாடமா? நான் இங்கிலீஷ்ல வாங்கற மார்க்கை வெச்சுகிட்டா? சும்மா எழுதறேண்ணே. படிக்க ஆள் வேணும்ல."

கைமின் படித்தான். சிரிப்பு வரவில்லை. அடுத்த நாளும் ஒரு சீட்டு வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. தலைமை ஆசிரியரின் தொப்பை வாசல் கதவில் சிக்கிய கதை, சாப்பாட்டுக்கூடத்துச் சூப்பில் உருளைக்கிழங்கைத் தேடிப் போலீஸ் வந்த கதை. கைமின் அந்தத் தாளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் சத்தமாகச் சிரித்தான்.

"எங்க சிரிப்பு வந்துச்சு?"

"இங்க" என்று மூன்றாம் வரியைக் காட்டினான்.

டெங் பின் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். "நான் சிரிக்கறதைப் பார்த்துச் சிரிச்ச, அண்ணே. மூணாவது வரில எங்க வீட்டுப் பூனை செத்துப்போச்சு."

கைமினுக்குள் ஏதோ ஒன்று அவனைக் கேட்காமலே விடையை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. தாளில் கிடைக்காவிட்டால் எதிரில் இருப்பவன் முகத்தில் தேடியது. அம்மா எதையாவது கேட்டாலும், அவள் எதைக் கேட்க விரும்புகிறாள் என்று பார்த்துத்தான் இத்தனை நாளும் பதில் சொல்லிவந்தோமோ என்று தோன்றியது. இதை யாரிடம் சொல்வது? கண் டாக்டரிடமா? கண் நன்றாகத்தான் இருந்தது.

மே மாதத்தில் நான்காம் மாடித் தாழ்வாரத்துக்கு இரும்புக் கம்பி போட்டார்கள். யாரும் தவறி விழக்கூடாது என்பதற்காக என்றார்கள். அந்தச் சுவர் நெஞ்சளவு உயரம், ஏறினால்தான் விழ முடியும். பற்றவைக்கிற பொறி வகுப்பு ஜன்னல் வழியாகத் தெரிந்தது, மெஷின் சத்தத்தில் ஃபூ டீச்சர் இன்னும் உரக்கப் பாடம் நடத்தினார். டெங் பின்கூட அதைப் பற்றி ஜோக் அடிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவன் சீட்டுகளில் எழுத்து பெரிதாக இருந்தது, வரிகள் குறைவாக இருந்தன. கடைசியில் ஒரு நாள் கைமின் ஒவ்வொரு சொல்லாகப் பென்சில் நுனியால் தள்ளிக்கொண்டு போனான். கோழி ஒன்று பெருந்தேர்வு எழுதப் போகிறது. அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள். அது முட்டையிட்டுக் காட்டுகிறது. கைமினின் தொண்டையில் என்னவோ அசைந்தது. தும்மல் என்று நினைத்தான். சிரிப்பு.

டெங் பின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். "சளி" என்றான்.

ஆனால் அந்த நான்கு வரிக்கு ஆன நேரத்தில் முன்வரிசைக்காரன் ஒரு முழுப் பத்தியையும் கேள்விகளோடு முடித்துவிட்டிருந்தான். கைமின் அதைக் கவனித்தான். டெங் பின்னும் கவனித்தான். பலகையில் எண் சின்னதாகிக்கொண்டே போனது.

பெருந்தேர்வின் இரண்டாம் நாள் பிற்பகல் ஆங்கிலம். சந்து அம்மாக்கள் எல்லோரும் ராசிக்காகச் சிவப்புப் பட்டு அங்கி அணிந்து வாசலில் நின்றார்கள். கைமினின் அம்மா இரவல் வாங்கியது தோளில் இறுக்கமாக இருந்தது, கையைத் தூக்க முடியாமல் விரலை மட்டும் அசைத்தாள்.

முதல் பத்தி ஒரு கிழவரில் ஆரம்பித்தது. கைமினின் கை தானாகப் போய் மூன்று கட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டது. அப்போதுதான் கண்ணின் ஓரத்தில் பச்சை என்ற சொல் தட்டுப்பட்டது. கிளி. இந்தக் கிழவரிடம் நாய் இல்லை, கிளி இருந்தது.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். இரண்டே வழி இருந்தது. மெஷினாக மற்ற எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து முடிக்கலாம், சிலது சரியாக இருக்கும். அல்லது படிக்கலாம். அவன் மூன்று கட்டங்களையும் ரப்பரால் அழித்துவிட்டு, விடைகளின்மேல் இடது கையை வைத்து மறைத்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தான்.

பத்தியை முழுசாகப் படித்தான். இரண்டு தடவை படித்தான், ஒரு கேள்விக்குக்கூடச் சந்தேகம் இல்லை. இரண்டாவது பத்தியில் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாலத்தில், இன்னும் பதினைந்து நிமிடம்தான் என்று ஒலிபெருக்கி சொன்னது. அதற்குள் கட்டுரையும் எழுத வேண்டும். கைமின் மிச்சக் கட்டங்களை எல்லாம் ஒரே மூச்சில் கறுப்பாக்கினான். அந்தக் கறுப்புக்கும் அந்தப் பத்திகளுக்கும் எந்த உறவும் இல்லை.

வெளியே வெயில் மஞ்சளாக இருந்தது. டெங் பின் வாசலில் காத்திருந்தான். எத்தனை சரி என்று கேட்கவில்லை. "முதல் பத்தில என்ன சொல்றாங்கண்ணே?" என்றான்.

கைமின் நடந்துகொண்டே சொன்னான். அம்மா குடையோடு பின்னால் வந்தாள். "ஒரு பெரியவர், தனியா இருக்கார். மகன் வெளிநாட்டுல. போன் அடிக்கற மாதிரியே கத்தற கிளி ஒண்ணை வளர்க்கறார். அது கத்தும், இவர் குளியலறையிலேர்ந்து சோப்போட ஓடி வருவார். மகன் இல்ல, கிளி. சோத்துக் கையோட ஓடுவார். கிளி."

பின்னால் அம்மா சிரித்தாள். இறுக்கமான அங்கிக்குள் தோள் குலுங்கியது. தேர்வு முடிந்து வந்த மகன் இப்படிக் கதை சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் ஏமாந்து ஏமாந்து, இனி எழுந்திரிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டார். அன்னிக்கு நிஜமாவே மகன் கூப்பிட்டான். கிளிதான்னு நினைச்சு, இவர் டீ குடிச்சுகிட்டே உட்கார்ந்திருந்தார்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "அடப் பாவமே. மறுபடி கூப்பிட்டானா?"

"அதோட முடிஞ்சிருச்சும்மா."

கைமின் பக்கத்தில் பார்த்தான். டெங் பின் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. குளியலறை வந்த இடத்திலும் சிரிக்கவில்லை. இவ்வளவு விவரமாக, கை நிறைய நேரம் இருந்தவன் மாதிரி ஒருத்தன் ஒரு பத்தியைச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அம்மா இரண்டு எட்டு வேகமாக வைத்து மகனோடு சேர்ந்துகொண்டாள். முகம் மலர்ந்திருந்தது.

"நாலு கதை வரும்னு சொல்வியே. மத்த மூணும் சொல்லு, வீடு வர்ற வரைக்கும் கேட்டுகிட்டே போறேன்."

டெங் பின் குனிந்து செருப்பில் ஏதோ சிக்கியது போல நின்றுவிட்டான். அம்மா மகனின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். அவள் எந்தப் பதிலை விரும்புகிறாள் என்று கைமினுக்கு நன்றாகத் தெரிந்தது.

"ரெண்டாவதுல ஒரு பாலம்" என்றான். "பாதிதான் கட்டியிருந்தாங்கம்மா."