காற்றுக்குப் போட்ட சைபர்

மன்னாரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னிணைப்பு படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடமே, புள்ளி போடும் முறையை நானே கணினியில் அமைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு செய்முறைச் சோதனை. வராதவருக்குச் சைபர். சராசரி நாற்பதுக்குக் கீழே போனால் இறுதிச் சோதனைக்கு இடமில்லை. பெயரில் தானாகவே சிவப்பு விழும். முகம் பார்த்துப் புள்ளி போடாத முறை என்று எனக்கு அதில் பெருமை.

இரண்டாம் வருடம், ஓலைத்தொடுவாயிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்குச் சிவப்பு விழுந்தது. காற்று மாறியதும் அவள் வீட்டார் வழக்கம்போல வேறு கரைக்குப் போய், வாடி என்ற ஓலைக்கொட்டில் போட்டுத் தங்கி மீன்பிடித் தொழில் செய்தார்கள். சமைக்கவும் கருவாடு போடவும் அவளும் போனாள். சோதனைக்கென்று வீட்டாருக்கு முன்பே திரும்பி வந்தவள், படிக்கட்டு விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கும் இணைப்பை முதல் தடவையிலேயே பிழையில்லாமல் செய்தாள். வகுப்பில் வேறு யாருக்கும் அது அப்படி வரவில்லை. ஆனாலும் சராசரி ஏறவில்லை.

"இந்தமுறை சோதினைக்கு இருக்க ஏலாது. அடுத்த வருசம் வாரும்" என்றேன்.

"அடுத்த வருசம் வீட்டில விடமாட்டினம், மிஸ். இந்த வருசம் சேட்டிபிக்கற் எடுத்தால்தான் வேலைக்கு விடுவனெண்டு அப்பா சொன்னவர்."

"எல்லாருக்கும் ஒரே முறைதான்."

அவள் கையிலிருந்த கம்பி வெட்டும் குறட்டை மேசையில் வைத்தாள். "அப்ப ஏன் முருங்கன் பக்கத்து ஆக்களுக்கு அரிவிவெட்டெண்டு சோதினையைத் தள்ளி வைச்சனீங்கள்? எங்கட காத்து மட்டும் பொய்யோ?"

"மிஸ்ஸும் முருங்கன்தானேடி" என்றாள் பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி. "மீன் சட்டிக்குள்ள வந்தாப் பிறகுதான் அவவுக்குத் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் வயல்தான். அறுவடை தொடங்கினால் வீட்டில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அதனால் அந்த வெள்ளிக்கிழமைகளை, யாரையும் கேட்காமல், தள்ளி வைத்திருந்தேன். அது சலுகை என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

அன்றைக்கே சராசரியை எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு வேலைக்கும் இரண்டே குறிப்பு: செய்கிறார், இன்னும் செய்யவில்லை. தவறவிட்டதை வந்தபிறகு செய்து காட்டலாம். அவள் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். சோதனைக்கு இருக்கலாம் என்று சொன்னபோது நன்றி சொல்வாள் என்று காத்து நின்றேன். அதை எழுதவே கூசுகிறது.

"அப்ப எங்கட மச்சாளுக்கு, மிஸ்?" என்றாள்.

"எந்த மச்சாள்?"

"போன வருசம் உங்களிட்டப் படிச்சவ. அவவும் வாடிக்குப் போய்த்தான் பெயிலானவ."

கணினியைத் திறந்தேன். பெயர் இருந்தது, சிவப்பில். முகம் நினைவுக்கு வரவேயில்லை.

"நாளைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றேன்.

"நாளைக்கோ? அவ இப்ப வாடியில கூலிக்கு நிக்கிறா, மிஸ். காத்துத் திரும்பினாத்தான் வருவா."