ஆள் எண்ணும் நாள்

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் பஸ் பஞ்சர். எல்லோரும் புளியமர நிழலில் ஒதுங்கினோம். என் பக்கத்து சீட்டு நர்சிங் மாணவி மட்டும் வருகிற வண்டிக்கெல்லாம் கைகாட்டினாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதும் தோள்பையைக் கழற்றாதவள்.

"ஏம்மா, அம்புட்டு அவசரமா?"

"அகதி முகாம்ல இன்னைக்குச் செக்கிங்க்கா. ஆள் நேர்ல நிக்கலைன்னா பேரை எடுத்துருவாங்க. பரீச்சையன்னைக்குக்கூட ஓடியாந்திருக்கேன்."

"இலங்கையில இருந்து எப்ப வந்த?"

"கைப்பிள்ளையா இருக்கறப்ப."

"இன்னுமா எண்ணுறாங்க?"

"எங்கயும் போயிரலையேன்னு பாக்கணும்ல."

"நீ எங்க போவ?"

சிரித்தாள். அதற்குள் ஒரு தக்காளி வேன் நின்றது, ஏறிப் போய்விட்டாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா, தெரியாது. நான் பிறந்து வளர்ந்ததும் இந்தப் பக்கம்தான். இங்கே இருக்கிறேனா என்று என்னை ஒருவரும் வந்து பார்த்ததில்லை.