முதுகில் நான்கு விரல்

போன வாரம் சென்னையிலிருந்து வந்த என் பேத்தி, பையிலிருந்து ஒரு குழாயை எடுத்துப் பிதுக்கி முகத்தில் பூசிக்கொண்டிருந்தாள். வெள்ளையாக, கொழகொழவென்று, தேங்காய் எண்ணெயும் மருந்துக்கடையும் சேர்ந்த ஒரு வாசனை. என்னம்மா இது என்று கேட்டேன். வெயில் தோலைக் கருக்காமல் இருக்கப் பூசுவதாம். கோவளத்தில் ஒரு பலகைமேல் ஏறி நின்று கடலலையில் சறுக்கப் பழகுகிறாளாம். இதைப் பூசாமல் போனால் அரைநாளில் தோல் உரிந்துவிடுமாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது தாத்தா" என்றாள்.

எனக்குப் புரியாதாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் களிம்பில் ஒரு சொட்டு என் புறங்கையில் வைத்துத் தேய்த்தாள். நாலு தேய்ப்பில் வெள்ளை மறைந்து போயிற்று. பூசிய அடையாளமே இல்லை. அதுதான் இதில் விசேஷம் என்று அவள் பெருமைப்பட்டாள். எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. நாங்கள் பூசியது அப்படி இல்லை. பூசினால் பூசினதுதான். என் கல்யாணமே அதனால் கெட்டுப்போகப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது, சீமெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற காலம். நான் பென்னாகரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சனிக்கிழமை மத்தியானம் அவர் என்னை அவிழ்த்துவிட்டால், ஏரியூரைத் தாண்டி எங்கள் ஊருக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். எங்கள் ஊர் என்று சொன்னேனே, அது புது ஊர். பழைய ஊர் தண்ணீருக்குள் இருந்தது. மேட்டூரில் அணை கட்டியபோது காவிரி பின்னுக்கு ஏறி வந்து வீடு, களம், கோயில் எல்லாவற்றையும் மூடிவிட்டது. நாங்கள் மேட்டுக்கு ஏறி வந்து கூரை போட்டுக்கொண்டோம். அம்மா பழைய வீட்டிலிருந்து அம்மி, குந்தாணி, வாசல் கதவு மூன்றையும் கொண்டுவந்திருந்தாள். கூரை வீட்டு வாசலுக்கு அந்தக் கதவு பெரிசு. அதனால் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்து, "நல்ல வூடு கட்டறப்ப வெச்சிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேப்பமரக் கதவு. நடுவில் ஓர் இரும்பு வளையம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. கதவு பறந்து பார்த்திருக்கிறேன், அதன்மேல் படுத்துக்கொண்டே. மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் தேங்கிக் கிடக்கிற தண்ணீர்மேல் ஆடி மாதத்தில் காற்று விழுந்தால், எங்கள் கரைக்கு வரும்போது இடுப்பளவு அலை எழும்பும். என் சேக்காளி மாதன் நாகமரைப் பக்கம் பரிசல் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை கதவைப் பரிசலுக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய் நடுத்தண்ணீரில் விடுவான். நான் வளையத்தைப் பிடித்துக் குப்புறப் படுத்துக்கொள்வேன். ஒரு நல்ல அலை வந்து கதவுக்குக் கீழே நுழைந்து தூக்கினால் போதும், கரைவரைக்கும் ஒரே வழுக்கல். இரண்டு தடவை எழுந்துகூட நின்றிருக்கிறேன். மாதனைக் கேட்டால் ஒரு தடவை என்பான்.

கீழே எங்கள் பழைய வாசல். மேலே அந்த வாசலின் கதவு, அதன்மேல் நான். அன்றைக்கு இதையெல்லாம் நினைக்கவில்லை. வயிற்றில் ஒரு கூச்சம் எழுமே, அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் காரிமங்கலத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். வக்கீல் வேலையாகப் போனவன் காரிமங்கலம் சந்தைக்குள் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். புளி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "மழயும் காணோம், ஒண்ணும் காணோம். இவரு சக்கரையில செஞ்சவராட்டம் இருக்குது" என்றாள். திரும்பிப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தே சிரித்தாள். அவள்தான் ராசம்மா. கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். புளியும் வாங்கினேன், வேண்டாத புளி.

அவள் அப்பா மானாவாரிக்காரர். ராகியும் சாமையும் போட்டு வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்தவர். மூத்த பெண்கள் மூன்று பேரையும் காட்டுவேலை செய்கிறவர்களுக்கே கொடுத்திருந்தார். "நாலாவதையாச்சும் நெழல்ல ஒக்காந்து சோறு திங்கறவனுக்குக் குடுக்கணும்" என்பது அவர் வைராக்கியம். எங்கள் தரகர் போய், "பையன் நல்ல செவப்புங்க, வெயிலே பாக்காத ஒடம்புங்க" என்று அளந்துவிட்டு வந்திருந்தார். ஆடியில் இந்தப் பேச்செல்லாம் ஆகாதே, ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு.

ஆக, எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. ஆடி முழுக்க நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அறிவுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் மாதனிடம் யோசனை கேட்டேன்.

"பரிசலுக்கு எருமத்தோலு போத்தறமில்ல, ஒனக்கும் ஒண்ணு போத்தி வுடட்டா?" என்றான்.

"டேய், கருத்துட்டா காரிமங்கலத்தான் பொண்ணு தரமாட்டான்டா."

"அப்ப நாமக்கட்டி வாங்கியா. சுவத்துக்கு அடிக்கறாப்புல அடிச்சிருவோம்."

நாமக்கட்டி வாங்கப் போன கடையில், எங்கள் குலத்தில் யாரும் நாமம் போட்டதில்லையே என்று கடைக்காரர் யோசித்தார். பத்துக் கட்டி கேட்டதும், "ஆருக்குப் போடப் போற?" என்றார். அதை உரைத்து விளக்கெண்ணெயில் குழைத்தோம். தண்ணீரில் கரையாத நல்ல பசை. முகம், கை, கழுத்து எல்லாம் நானே பூசிக்கொண்டேன். கலைந்தால் பரிசலுக்கு நீந்திவந்து மறுபடியும் பூசிக்கொள்வேன். முதுகு மட்டும் எட்டவில்லை. அதற்குள் காற்று ஏறிவிட்டது. மாதன் பசையில் கையை முக்கி என் நடுமுதுகில் படீரென்று ஒரு அறை வைத்து, "போதும் போடா, அலை போவுது" என்று தள்ளிவிட்டான்.

அந்த ஒரு நாள்தான். ஆனால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை. ஆடிக்காற்றின் குளிர்ச்சியில் வெயில் சுடுவதே தெரியாது, அதுதான் அதன் கள்ளத்தனம். அன்று ராத்திரியே முதுகு எரிந்தது, இரண்டு நாள் கழித்து உரிந்தது. நான் கவலைப்படவில்லை. கண்ணாடியில் முகம் பார்த்தேன், பால் மாதிரி இருந்தது. முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? குமாஸ்தா என்றால் சட்டை போட்டவன்தானே.

ஆவணியில் வந்தார்கள். ராசம்மாவின் அப்பா காரிமங்கலத்தாரும் தாய்மாமன் சென்னப்பரும். அம்மா கோழி அடித்திருந்தாள். மாதன் மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வேலியோரம் நின்றுகொண்டான். காரிமங்கலத்தார் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். தரகர் பொய் சொல்லவில்லை. அப்போது சென்னப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்புள, கெணத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்து சாப்புடலாம், வாங்க" என்றார்.

இதற்கு அர்த்தம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சட்டைக்குள்ளே தேமலா, குஷ்டமா, சொறியா என்று பெண் வீட்டார் பார்த்தாக வேண்டும். வாயைத் திறந்து கேட்க முடியுமா? அதனால்தான் இந்தக் குளியல். சென்னப்பருக்கு அது கைவந்த வித்தை. சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர். என்னிடம் பல்லை மட்டும்தான் பிடித்துப் பார்க்கவில்லை.

சட்டையைக் கழற்றிவிட்டு உற்சாகமாகக் கிணற்றுப் பக்கம் திரும்பினேன்.

"சட்டயப் போட்டுக்கங்க" என்றார் சென்னப்பர், பின்னாலிருந்து. குரல் மாறியிருந்தது.

வீட்டுக்கு வந்தால் இலை போட்டுத் தயாராக இருந்தது. சென்னப்பர் உட்காரவில்லை. "பசியில்லீங்க. கெளம்பலாம் மச்சான்" என்றார். பெண் வீட்டார் கை நனைக்காமல் எழுந்தால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னா கொறைன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"பையன் முதுவுல வெள்ள எறங்கியிருக்குது. நீங்க பெத்தவங்க, தெரியாம இருக்குமா?"

வெண்குஷ்டம் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அம்மா ஓடிவந்து என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன பயன்? வெயில் என்று சொன்னால் வெயிலே பார்க்காத உடம்பு என்பது பொய்யாகும். சொல்லாவிட்டால் வியாதிக்காரன். இரண்டு பக்கமும் ராசம்மா இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். கதவு, அலை, நாமக்கட்டி, எல்லாவற்றையும்.

சென்னப்பர் நம்பவில்லை. "வூட்டுக் கதவ எடுத்துத் தண்ணில போட்டு, அதும்மேல படுத்துக்கிட்டுப் போனியா? எதுக்கு?"

"சும்மாதாங்க."

"சும்மாவா!"

அவருக்கு அதுதான் தாங்கவில்லை. மீன் பிடிக்க என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார். அதற்குள் வேலியோரம் நின்றிருந்த மாதன் முற்றத்துக்கு வந்து வலது கையை விரித்துக் காட்டினான். "இந்தக் கைதானுங்க" என்றான். பரிசலுக்கு மூங்கில் பிளந்தபோது சுண்டுவிரல் போன கை அது. பெருவிரலோடு சேர்த்து நான்குதான். சென்னப்பர் என்னைத் திருப்பி, அவன் கையைத் தூக்கி என் முதுகில் வைத்து அழுத்தினார். விரலுக்கு விரல் பொருந்தியது. இல்லாத விரலின் இடம் கறுப்பாகவே இருந்தது.

முதலில் சிரித்தது சென்னப்பர்தான். காரிமங்கலத்தார் சிரிக்கவில்லை. பிறகு பெருமூச்சு விட்டு, "வியாதிக்குத்தான் பொண்ணு குடுக்கக் கூடாது. கிறுக்குக்குக் குடுக்கலாம், ஊர்ல ஆருக்குத்தான் இல்ல" என்று சொல்லி, செம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தார்.

அந்த ஆவணிக் கடைசியிலேயே கல்யாணம். மறுநாள் காலை கிணற்றடியில் தண்ணீர் ஊற்ற வந்த ராசம்மா, "எங்க, திரும்புங்க பாக்கலாம்" என்றாள். மாமன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தாள். "என் கைக்கு முன்னால பரிசக்காரன் கை ஏறிக்கிச்சே" என்று சொல்லி, தன் கையை அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். சின்னக் கை. எல்லாப் பக்கமும் மாதன் கை வெளியே தெரிந்தது.

அடுத்த ஆடியில் நாமக்கட்டியை அவளே உரைத்தாள். முகத்துக்கும் கைக்கும் சுத்தமாகப் பூசிவிட்டு, முதுகில் தன் கையை மட்டும் வைத்து அழுத்தி எடுத்தாள்.

"முதுவு முழுக்கப் பூசு" என்றேன்.

"முழுக்கப் பூசிட்டா என் கை எப்படித் தெரியும்?"

அப்படி நான்கு ஆடி. ஐந்து விரலும் முழுசாக உள்ள கை. ஒவ்வொரு வருஷமும் தை பிறப்பதற்குள் அது மங்கிப்போகும், ஆடியில் மறுபடி வரும். பிறகு ஓட்டு வீடு கட்டினோம், அம்மா ஆசைப்பட்டபடி கதவை வாசலில் மாட்டினோம். தண்ணீரில் ஊறி உப்பிய கதவு, கடைசிவரை சரியாகச் சாத்தவே இல்லை. "கதவுக்கு இன்னும் ஆத்து நெனப்பு" என்பாள் ராசம்மா, தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டே. இப்போது அந்த வீடும் இல்லை. கதவு யாரிடம் போயிற்றோ தெரியாது. மாதன் போய்ப் பல வருஷமாகிறது. ராசம்மா போய் வருகிற ஆவணிக்கு ஆறு வருஷம். ஆடிக்காற்று மட்டும் இன்னும் அதே போக்கில் அலையைக் கரைக்குத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறிப்போக ஆளில்லை.

இவ்வளவையும் பேத்தியிடம் சொன்னேன். குழாயை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டையைக் கழற்றிவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதற்கு என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஏதாச்சும் தெரியுதா பாரும்மா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்து நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்ல தாத்தா, சுத்தமா இருக்கு" என்றாள், நல்ல செய்தி சொல்கிறவளைப் போல.